அஞ்சுல ரெண்டு

பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருப்பது என்பது ஒரு தனிக் கலை. அதில் நான் கைதேர்ந்தவள். கெங்கவல்லிப் பக்கம் பிறந்து, கணக்கு டீச்சராகி, கல்யாணமாகி நாமக்கல் பக்கம் மாறுதல் வாங்கி வந்ததுவரை எத்தனை பயிற்சிகளில் உட்கார்ந்திருப்பேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் எந்த மின்விசிறிக்குக் கீழே காற்று வரும், எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சேலை கிழியும், பேசுபவரின் கண்ணுக்குப் படாமல் விடைத்தாள் திருத்த எந்த வரிசை தோது என்பதெல்லாம் அத்துப்படி.

எல்லாப் பயிற்சியும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க, கையைத் தட்டுங்க, உங்க பேரோட ஒரு காயோட பேரைச் சேர்த்துச் சொல்லுங்க" என்பார்கள். நான் பல வருடங்கள் கத்தரிக்காயாகவே இருந்தேன். பிறகு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு ஒரு சார்ட் பேப்பர், இரண்டு ஸ்கெட்ச் பேனா. கையெழுத்து நன்றாக உள்ளவர் எழுதுவார், மற்றவர்கள் மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். சார்ட்டைப் பிடித்தபடி போட்டோ. டீ, போண்டா. மாலையில் ஒரு தாளைக் கொடுத்து, பயிற்சி எப்படி இருந்தது என்று எழுதச் சொல்வார்கள். "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எழுதிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவோம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் போய், முந்தின நாள் எப்படி நடத்தினோமோ அப்படியே நடத்துவோம். யாருக்கும் யார் மேலும் கோபம் கிடையாது. சந்தோஷமாகத்தான் போய்வந்தோம்.

அப்படிப்பட்ட என்னை ஆசிரியர் பயிற்றுநராகப் போட்டார்கள். அதாவது, இத்தனை நாள் கீழே உட்கார்ந்திருந்தவள் இனிமேல் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். வட்டாரத்தில் இருக்கிற ஆசிரியர்களுக்கு மாதம் ஒருமுறை சனிக்கிழமையில் நான் வகுப்பு எடுக்க வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்றவர்கள் மாதிரி நான் இருக்க மாட்டேன், என் பயிற்சியில் ஒருவர்கூடத் தூங்க மாட்டார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வீட்டுக்காரர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கணக்குப் பார்ப்பவர். "அப்ப முதல்ல போண்டாவ நிறுத்துங்க. தின்னா தூக்கம் வந்துரும்" என்றார்.

முதல் பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு பின்னங்கள். அரை, கால், மூன்றில் ஒன்று. ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான் என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரம் உட்கார்ந்து படங்கள் தயார் செய்தேன். திரையில் ஒரு சப்பாத்தி வரும், பாதியாகப் பிரியும், பிரிந்த பாதி சுற்றிக்கொண்டே போய் இன்னொரு துண்டோடு ஒட்டும். வண்ணக் காகிதத்தில் வட்டங்களும் வெட்டி வைத்தேன். என் மகள் பார்த்துவிட்டு, "அம்மா, சினிமா மாதிரி இருக்கு" என்றாள்.

சினிமா மாதிரிதான் இருந்தது. கூடத்தின் ஜன்னல்களை மூடி விளக்கை அணைத்ததும், பத்து நிமிடத்தில் நடு வரிசையிலிருந்து மெல்லிய குறட்டை கேட்டது. சப்பாத்தி சுற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஜன்னலைத் திறந்து பார்த்தால் பாதிப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். நான் விடவில்லை. காகித வட்டங்களைத் தூக்கிக் காட்டி, நடந்து நடந்து பேசி முடித்தேன். கைதட்டினார்கள். மாலையில் தாள்களை வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வாக்கியத்தின் விலை எனக்குத் தெரியாதா?

தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சார் மட்டும் போகாமல் நின்றார். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் கணக்கு நடத்துபவர். என் வயதுதான் இருக்கும். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஏனுங் டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றார்.

"கேளுங்க சார்."

"இப்ப நடத்துனீங்கல்ல, அதை எம்பட பள்ளிக்கூடத்துக்கு வந்து எம்பட புள்ளைங்களுக்கு ஒருக்கா நடத்திக் காட்டுவீங்களா? இங்க பாக்கறப்ப நெம்ப நல்லாத்தான் இருக்குது. அங்க போனா எனக்கு வர மாட்டேங்குது."

அவர் குத்திக்காட்டவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நிஜமாகவே கேட்கிறார். இருந்தாலும் யோசித்தேன். பெரியவர்களுக்கு நடத்துவது சுலபம், அவர்கள் தலையாட்டிவிடுவார்கள். பிள்ளைகள் அப்படி இல்லை.

"செவ்வாய்க்கிழமை வரேன் சார்" என்றேன்.

"வாரீங்களா? நெசமாவா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலையில் புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அவர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். இரண்டு பக்கமும் கோழிப்பண்ணைகள். நீள நீளமான கூரைகளும், காற்றோடு கலந்து வரும் அந்த வாடையும். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டைத் தாண்டினால் பள்ளிக்கூடம். அங்கே படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பா லாரியிலோ போர்வெல் வண்டியிலோ போயிருப்பார், மீதிப் பேருக்கு அப்பாவும் அம்மாவும் பண்ணையில் வேலை. தலைமையாசிரியை வாசலுக்கே வந்து, "டிரைனிங் மேடமே வந்துட்டாங்க!" என்று சொன்னதைக் கேட்டு எனக்கு இன்னும் பதற்றமாகிவிட்டது.

ஆறாம் வகுப்பில் நுழைந்தேன். காகித வட்டங்களை எடுத்தேன். அரைவட்டத்தையும் கால்வட்டத்தையும் ஒட்டிக் காட்டி, "முக்கால்" என்றேன். "முக்கால்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சார் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கரும்பலகையில் அரை கூட்டல் மூன்றில் ஒன்று என்று எழுதி, "இது எவ்வளவு?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியாமல் விழிப்பார்கள், அப்போது அடுத்த வட்டத்தை எடுக்கலாம் என்பது என் திட்டம்.

இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் உடனே எழுந்தாள். "அஞ்சுல ரெண்டு, மிஸ்."

மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தவறுதான். "தப்பும்மா. அப்படிக் கூட்டக் கூடாது. கீழ இருக்கிற எண்ணை முதல்ல சமமாக்கணும்" என்றேன்.

அவள் உட்காரவில்லை. "இல்லீங் மிஸ். நேத்து நான் புளியங்கா அடிச்சேன். மொதல்ல ரெண்டு கல்லு உட்டேன், ஒண்ணு விழுந்துச்சு. அது பாதி. பொறவு மூணு கல்லு உட்டேன், ஒண்ணு விழுந்துச்சு. அது மூணுல ஒண்ணு. மொத்தம் அஞ்சு கல்லுல ரெண்டு காய். அஞ்சுல ரெண்டுதானுங்களே?"

வகுப்பு முழுக்க, "ஆமாங் மிஸ், சரியாத்தான் சொல்றா" என்றது.

நான் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னதில் எங்கே தவறு? ஐந்து கல் எறிந்தாள், இரண்டு காய் விழுந்தது. அதை யார் மறுக்க முடியும்? ஆனால் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஆறில் ஐந்து. அதையும் மறுக்க முடியாது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும்? இத்தனை வருடம் கணக்கு நடத்தியிருக்கிறேன், இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அல்லது கேட்பதற்கு முன்னாலேயே "தப்பு, உட்காரு" என்று சொல்லியிருப்பேன். கையில் காகிதச் சப்பாத்தியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். இன்டர்வெல் மணி அடித்தது. அதைப் போல இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

பிள்ளைகள் ஓடிய பிறகு சார் எழுந்து வந்தார். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் முகமோ பண்டிகை வந்த மாதிரி இருந்தது.

"டீச்சர், எனக்கும் பதில் தெரியலீங்க" என்றார். "இத்தனை வருசமா இந்தத் தப்ப செவப்பு மையில அடிச்சுக்கிட்டே இருக்கறனுங்க. ஏன் இப்படிப் போடறாங்கன்னு ஒருக்காக்கூடக் கேட்டதில்ல. இந்தப் புள்ளை காரணத்தோட போடுதுங்க!"

"என் மானம் போச்சு சார்."

"அட, உடுங்க. உங்க மானத்தைத் திங்கவா போறோம்? வாங்க, உக்காந்து யோசிப்போம்."

தலைமையாசிரியை அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தலைமையாசிரியை தமிழ் படித்தவர். கணக்கு என்றாலே கையெடுத்துக் கும்பிடுபவர். விஷயத்தைச் சொன்னதும் அவரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். புளியங்காயை வைத்து எழுதிப் பார்த்தோம், அழித்தோம், மறுபடி எழுதினோம். சாரும் நானும் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் தலைமையாசிரியைதான், "எனக்கு ஒண்ணு மட்டும் புரியலே. அஞ்சுல ரெண்டுங்கறது பாதிக்குக் கம்மிதானே? பாதியோட இன்னொண்ணைச் சேர்த்தா எப்படிப் பாதிக்கும் கம்மியாகும்?" என்றார்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அங்கிருந்து முடிச்சு அவிழ ஆரம்பித்தது. அந்தப் பெண்ணின் கணக்கில் முதலில் எறிந்த கற்கள் வேறு, பிறகு எறிந்தவை வேறு. இரண்டு கல்லில் பாதி, மூன்று கல்லில் ஒரு பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் முழுசு வேறு வேறு. நாம் கூட்டும்போதோ இரண்டு பங்கும் ஒரே முழுசிலிருந்து எடுத்தவை. அவள் கணக்கு சரி. ஆனால் அது கரும்பலகையில் இருந்த கணக்கு இல்லை.

"இதைப் புள்ளைங்களுக்கு எப்படிங்க சொல்றது?" என்றார் சார். அந்த நேரத்தில் சத்துணவுக்கு முட்டை வந்து இறங்கியது. அட்டை அட்டையாகச் சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தது. சார் ஜன்னல் வழியாகப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து ஓடினார். ஒரு அட்டைக்கு முப்பது குழி. பாதி என்றால் பதினைந்து, மூன்றில் ஒன்று என்றால் பத்து. ஒரே அட்டை, ஒரே முழுசு. சமையல் அம்மா, "முட்டை மேல கைய வச்சீங்கன்னா பாத்துக்குங்க" என்று கரண்டியோடு வாசலில் நின்றுவிட்டதால், மூலையில் கிடந்த காலி அட்டைகளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு நான் நடத்தறனுங்க. நீங்க பின்னால உக்காந்து பாருங்க" என்றார்.

மறுநாளும் போனேன். இந்த முறை நான் கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். சார் என்னைப் பார்ப்பதும் சட்டைக் காலரைச் சரிசெய்வதுமாக இருந்தார். கிட்டே வந்து, "பொண்ணு பாக்க வந்தாப்ல ஒடம்பெல்லாம் வேர்க்குதுங்க. என்னைய பாக்காதீங்க" என்று முணுமுணுத்தார்.

"உங்களைப் பாக்கலே சார். பிள்ளைங்களைத்தான் பாக்கப் போறேன்."

அவரைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் சொன்னபடியே செய்ததில் எனக்கு ஒரு புது உலகம் தெரிந்தது. வகுப்புக்கு முன்னால் நிற்கும்போது எல்லாப் பிள்ளைகளும் ஒரே முகமாகத் தெரிவார்கள். பின்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு கையும் தனியாகத் தெரிகிறது. என் பக்கத்தில் இருந்த பையன், சார் "பாதி" என்று சொன்னதும் அட்டையின் நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தான். அவனுக்கு அடுத்தவன் ஒவ்வொரு குழியாக எண்ணிக்கொண்டிருந்தான். முன்னால் இருந்த ஒரு பெண் ஒன்றுமே செய்யவில்லை, ஆனால் பக்கத்து அட்டையைப் பார்த்து மிகச் சரியாகக் கத்தினாள். முந்தின நாள் எனக்கு முன்னால் "முக்கால்!" என்று கத்திய குரல்களில் எத்தனை இப்படிப்பட்டவையோ என்று நினைத்துக்கொண்டேன்.

குழிகளில் பிள்ளைகள் சிறு கற்களை வைத்தார்கள். பாதி வைத்தார்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு வைத்தார்கள். எண்ணினால் இருபத்தைந்து.

"இப்ப அஞ்சுல ரெண்டு பங்கு எவ்வளவுன்னு வேற அட்டையில வச்சுப் பாருங்க" என்றார் சார்.

பன்னிரண்டு வந்தது. இரட்டைச் சடைப் பெண் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "அப்ப என்ற புளியங்கா தப்புங்களா சார்?"

"இல்ல சாமி. உம்பட புளியங்கா சரி. ஆனா அங்க கல்லு அஞ்சு, இங்க அட்டை ஒண்ணு. அது வேற கணக்கு, இது வேற கணக்கு."

அவள் யோசித்தாள். பிறகு, "அங்க கல்லு மாறுது, இங்க அட்டை மாறல" என்றாள். சார் சாக்பீஸை அப்படியே கீழே வைத்துவிட்டார். நான் கைதட்டிவிட்டேன். பார்க்க வந்தவர் வகுப்பில் அப்படிச் செய்யக் கூடாதுதான்.

அதோடு முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். என் பக்கத்துப் பையன் எழுந்து, "சார், கால்வாசி அட்டை எவ்வளவுங்க? ஏழரை வருது" என்றான். அரை முட்டையை எப்படி எடுப்பது? சார் திருதிருவென்று என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் முன் வரிசையிலிருந்து ஒரு குரல், "அவிச்சுப்போட்டு அறுத்தா ஆச்சுங் சார்!" என்றது. வகுப்பே சிரித்து உருண்டது.

அடுத்த மாதச் சனிக்கிழமைப் பயிற்சிக்கு நான் ஒரு படமும் கொண்டுபோகவில்லை. காய்கறிப் பெயரும் சொல்லச் சொல்லவில்லை. கரும்பலகையில் அந்தக் கணக்கையும், பிள்ளையின் விடையையும், புளியங்காய்க் கதையையும் எழுதினேன். "நான் இதுக்கு பதில் தெரியாம முழிச்சேன். நீங்களா இருந்தா அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

எல்லோரும் தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், "தப்புன்னு சொல்லி மீச்சிறு பொது மடங்கு போட வைக்கணும்" என்றார். இன்னொருவர், "அது பதில் இல்லீங்க, வாய மூடறது" என்றார். ஒரு டீச்சர் எழுந்து, "அந்தப் புள்ளை சொல்றது சரிங்க, நாமதான் இத்தனை நாளா தப்பா நடத்தறோம்" என்றார். "அதெப்படிங்க சரியாகும்?" என்று ஒருவர் மேசையைத் தட்டினார். ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் கரும்பலகைக்கு முன்னால் நின்று சாக்பீஸுக்கு அடித்துக்கொண்டார்கள். புதுச்சத்திரத்துச் சார் விடையைச் சொல்லாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கடைசி வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு பக்கத்து அறையிலிருந்து எங்கள் அதிகாரி ஓடிவந்தார். ஏதோ சண்டை என்று நினைத்துவிட்டார். "என்ன மேடம், என்ன பிரச்சனை? யார் யாருக்கு?" என்றார்.

"பிரச்சனை அரைக்கும் மூணுல ஒண்ணுக்கும் சார்."

அவருக்குப் புரியவில்லை. கரும்பலகையைப் படித்தார். "இதுல என்ன இருக்கு?" என்று சாக்பீஸை வாங்கினார். எழுதினார். அழித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருங்க இருங்க" என்றார். டீ வந்தது, யாரும் எடுக்கவில்லை. கடைசியில் சண்டையை விலக்க வந்த அதிகாரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு குழுவுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்து, "ஆமா, சார்ட்டோட போட்டோ எடுத்தீங்களா? மேலே அனுப்பணுமே" என்றார். சார்ட் எதுவும் இல்லாததால், கரும்பலகைக்கு முன்னால் கைகளை ஆட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கூட்டத்தைத்தான் எடுத்து அனுப்பினோம். பார்த்தால் போராட்டம் மாதிரி இருக்கும்.

அன்று மாலை, பயிற்சி எப்படி இருந்தது என்று எழுதும் தாள்களை நான் கொடுக்கவே மறந்துபோனேன். பஸ் ஸ்டாப்பிலும் பேச்சு ஓயவில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டே வந்த பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மேலிருந்து வரும் பயிற்சியும் நடக்கும். அதோடு, விருப்பமுள்ள ஒரு சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவோம். ஒருவர் தன் வகுப்பில் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்போம், பிறகு உட்கார்ந்து பேசுவோம். அவ்வளவுதான். அனுமதி வாங்கத்தான் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது. சாக்பீஸ் வாங்கிய அதிகாரியே பேசி வாங்கிக் கொடுத்தார்.

எல்லாம் நன்றாகவே போனது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, புதிதாக வேலைக்கு வந்த ஒரு சின்ன டீச்சர், எரியும் மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடிக் காட்டி, காற்றைப் பற்றி அறிவியல் பாடம் நடத்தினாள். முடிந்து உட்கார்ந்ததும் எங்கள் ஆட்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "சத்தம் பத்தலீங்க டீச்சர்." "போர்டுல எழுத்து கெழக்க சாயுது." "கையைக் கட்டிக்கிட்டு நிக்கக் கூடாது." ஒவ்வொன்றும் நல்ல மனதோடு சொன்னதுதான். அந்தப் பெண் கண்ணில் நீரோடு எழுந்து போய்விட்டாள். அவள் எங்கள் கெங்கவல்லிப் பக்கத்துப் பெண். பேச்சிலேயே தெரியும். பின்னால் போனேன்.

"நா இனிமே யார் முன்னாடியும் நடத்த மாட்டேன் மேடம். அவங்கல்லாம் ஒரு வார்த்தைக்கு நாலு 'ங்க' போட்டுத் திட்டறாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் இந்தப் பக்கம் வந்த புதிதில் அப்படித்தான் தவித்தேன். எங்கள் ஊரில் அவ்வளவு 'ங்க'வை ஒரு வாரத்துக்குச் செலவழிப்போம். சொன்னேன். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

திரும்ப வந்து எல்லோரிடமும் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். நடத்தியவரைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பிள்ளைகள் என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள், அதை மட்டும் பேசலாம். முதலில் ஒருவருக்கும் வரவில்லை. "டீச்சர் வந்து..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். புதுச்சத்திரத்துச் சார்தான் வழி காட்டினார். "ஜன்னலோரம் இருந்த பையன் மெழுகுவத்தி அணைஞ்சதும் டம்ளருக்குள்ள மூக்க உட்டு மோந்து பாத்தானுங்க. ஏன்னு கேக்கோணுமுன்னு இருந்துச்சு" என்றார். அந்தச் சின்ன டீச்சர் நிமிர்ந்து, "அப்படியா சார்? நா பாக்கலியே" என்றாள். அப்புறம் ஒவ்வொருவராகத் தாங்கள் பார்த்த பிள்ளையைப் பற்றிச் சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் வாய் திறந்து கேட்டாள். அடுத்த மாதம் அதே பாடத்தை வேறு பிரிவுக்கு அவளே நடத்துவதாகச் சொன்னாள். டம்ளரை மோந்து பார்க்கச் சொல்லியே ஆரம்பித்தாள். பிள்ளைகள் நெய்விளக்கு வாசம் என்றும் கரண்ட் வயர் கருகிய வாசம் என்றும் சண்டை போட்டார்கள். பாடம் எங்கெங்கோ போய் ஒருவழியாகக் காற்றுக்கு வந்து சேர்ந்தது.

வராதவர்கள் வரவில்லை. "எனக்கு இன்னும் ரெண்டு வருசந்தான் சர்வீஸ், என்னை உட்ருங்க டீச்சர்" என்று சொன்ன ஒருவரை விட்டுவிட்டோம். அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் டீ நேரத்துக்குச் சரியாக வந்து, என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் கேட்டுவிட்டுப் போவார். அதுவும் ஒரு விதம்தான் என்று வைத்துக்கொண்டோம்.

எனக்குள் என்ன மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. பயிற்சி நாள் என்றால் முந்தின இரவு படம் தயார் செய்வது நின்றுபோனது. அதற்குப் பதிலாக, பார்த்த பிள்ளைகளை வீட்டில் சோறு போடும்போது சொல்லிக்கொண்டிருப்பேன். "இன்னைக்கு யாரு என்ன கேட்டா?" என்று என் மகள் தட்டோடு உட்காருவாள். என் வீட்டுக்காரருக்குப் புளியங்காய்க் கணக்கைச் சொல்லிக் கொடுத்து, அவர் பட்டறையில் போய் அதைக் கேட்க, ஒரு நாள் மதியம் அங்கே வெல்டிங் வேலை நின்றுபோனது தனிக் கதை.

போன மாதம் இளம்பிள்ளையில் இருக்கிற ஒரு பயிற்றுநர் தோழி, "எங்க வட்டாரத்துலயும் இதை ஆரம்பிச்சிருக்கோம், வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். புதுச்சத்திரத்துச் சாரும் நானும் சின்ன டீச்சரும் பஸ் ஏறிப் போனோம். மூன்றாம் வகுப்பு. தெருவிலிருந்து விசைத்தறி ஓசை விடாமல் வந்துகொண்டிருந்தது. அதை மீறிப் பிள்ளைகள் கதை படித்தார்கள். அந்த ஊர் ஆசிரியர்களோடு நாங்களும் சுவர் ஓரமாகவும் பிள்ளைகளுக்கு நடுவிலுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தோம். சாருக்குச் சம்மணம் போட்டால் கால் மரத்துப்போகும், நீட்டியும் மடக்கியும் நெளிந்துகொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னப் பெண் அவரையும் எங்களையும் வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவர் தோளைத் தொட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்பதாக நினைத்துக்கொண்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"ஏனுங் சார், நீங்கெல்லாம் பெயிலாயிட்டீங்களா?"

நடத்திக்கொண்டிருந்த டீச்சர் சிரிப்பை மறைக்கப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். சின்ன டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சார் மட்டும் சிரிக்காமல் திரும்பி, "ஆமா சாமி. மறுக்கா படிக்க வந்திருக்கோம்" என்றார்.

அவள் பரிதாபத்தோடு தலையாட்டினாள். "செரி, அப்ப கொஞ்சம் அக்கட்ட தள்ளி உக்காருங்க. எனக்குப் போர்டு தெரியலீங்க."

சார் காலைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.